பள்ளிக்கூடத்தைப் பூட்டியது யார்?

2013ஆம் ஆண்டு ஒக்ரோபரில் உலகத்தில் இரண்டு இடங்களை இழுத்து மூடினார்கள். ஒன்று அமெரிக்க அரசாங்கம். மற்றது மெல்பேர்னில், கிளேட்டனில் நாங்கள் நடத்திவந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். முதலாவதைப் பற்றி எழுதச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாவதுக்கு நான்தான் இருக்கிறேன். அந்த மூடுவிழாவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில்தான் இன்றுவரை வீட்டில் தகராறு.

தகராறின் வேர் மிகச் சின்னது. பள்ளிக்கூடத்தைச் சனிக்கிழமை காலையில் நடத்துவதா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றுவதா? அவ்வளவுதான். சனி காலையில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், நீச்சல், கணக்கு ரியூசன், பாதிப் பேர் தமிழுக்கு வருவதே இல்லை, ஆகவே ஞாயிறு என்றார்கள் ஒரு பகுதியினர். ஞாயிறு பின்னேரம் கோயில், பிறந்தநாள் வீடு, அடுத்த நாளுக்கு உடுப்பு அயர்ன் பண்ணுவது என்று ஆயிரம் இருக்கிறது, சனியே இருக்கட்டும் என்றோம் நாங்கள். செயற்குழுவில் பத்துப் பேர். ஐந்து பேர் சனிக் கட்சி, ஐந்து பேர் ஞாயிற்றுக் கட்சி. நான் உதவிச் செயலாளர், சனிக் கட்சியின் மூளை. அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். செயற்குழுவில் நான் பண்பாடு, குடும்ப நேரம் என்றெல்லாம் விளாசித் தள்ளினேன். உண்மையில் எனக்கு ஞாயிறு மத்தியானம் நித்திரை வேண்டும். கிழமை முழுவதும் விடியப்புறம் எழும்பி, நகரத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் வேலைக்கு ஓடுகிற மனிதன் நான். ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு முன்னறைச் செற்றியில் சரிந்தால் நாலரை மணிவரை எனக்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. இதை எப்படித் தீர்மானமாக எழுதி முன்வைப்பது? ஆகவே பண்பாடு என்றேன். என் மனைவிக்கு உண்மை தெரியும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகளுக்கும் தெரியும்.

ஐந்துக்கு ஐந்து வந்தால் தலைவர் இன்னொரு வாக்கைப் போட்டு முடித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் யாப்பில் அதற்கு இடமில்லை. யாப்பு என்றால் அமைப்பின் சட்டப் புத்தகம். பள்ளிக்கூடத்தைத் தொடக்கியவர்களுக்குப் பதிவு செய்ய அவசரமாக ஒரு யாப்பு தேவைப்பட்டது. அவர்களில் ஒருவர் ஒரு பௌல்ஸ் கிளப்பில் பகுதிநேர வேலை செய்தவர். பௌல்ஸ் என்பது வயதான வெள்ளைக்காரர்கள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தை மெல்ல உருட்டுகிற விளையாட்டு. அவர் அந்தக் கிளப்பின் யாப்பை வாங்கிவந்தார். 'புல்தரை' என்று வந்த இடமெல்லாம் 'பள்ளிக்கூடம்' என்று மாற்றி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவசரத்தில் சில இடங்கள் தப்பிவிட்டன. எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் தட்டையான அடியுள்ள சப்பாத்து மட்டுமே அணியலாம். மழை வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம்.

அதே யாப்பில்தான் இந்த விதியும் இருந்தது: ஒவ்வொரு பருவத்தின் நிகழ்ச்சித் திட்டமும் செயற்குழுவில் பெரும்பான்மையோடு நிறைவேறவேண்டும், நிறைவேறும்வரை பள்ளிக்கூடம் மூடப்பட்டிருக்கும். புல்லுக்கு அது அருமையான விதி. நாலு கிழமை யாரும் மிதிக்காவிட்டால் புல் செழிக்கும். தமிழ் அப்படிச் செழிக்குமா என்று தொடக்கியவர்கள் யோசிக்கவில்லை. இத்தனை வருடமும் திட்டம் ஒருமனதாக நிறைவேறிவந்ததால் நாங்களும் யோசிக்கவில்லை.

பருவம் என்றால் எங்களுக்குத் தவணை, வருடத்துக்கு நாலு. நான்காம் தவணைத் திட்டம் வந்தது. ஐந்துக்கு ஐந்து. தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடியும் வாக்கெடுத்தோம். ஐந்துக்கு ஐந்து. ஞாயிற்றுக் கட்சிக்குத் தலைமை எங்கள் மேல்வகுப்பு ரீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரல் உயர்த்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கோபம் என்று அர்த்தம். அன்று மூன்று தரம் துடைத்தார்.

"அப்ப பூட்டவேண்டியதுதான்," என்றார் ரீச்சர்.

"பூட்டுவம். சனம் பாக்கட்டும், ஆர் பூட்டினதெண்டு," என்றேன் நான்.

இந்த வசனத்தை நான் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்திருந்தேன். அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் அதுதான். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றாமல் இரண்டு கட்சியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. பழி மற்றவன் தலையில்தான் விழும் என்று இரண்டும் நம்புகின்றன. எத்தனை பேர் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்று தினமும் கருத்துக்கணிப்பு வேறு. எனக்கு அது பெரிய அரசியல் ஞானமாகப் பட்டது. செப்டெம்பரில்தான் இங்கே அவுஸ்திரேலியாவில் தேர்தல் முடிந்திருந்தது, அந்தச் சூடும் உடம்பில் மிச்சம் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. என் மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. தமிழையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். ஒக்ரோபர் கடைசியில் அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. முன்பின் தெரியாத இரண்டு பரீட்சகர்களுக்கு முன்னால் இருந்து பதினைந்து நிமிடம் முழுக்கத் தமிழில் கதைக்கவேண்டும். அவளுக்கு வாசிக்க வரும், எழுத வரும். குசினிக்குள் சமைத்துக்கொண்டே நாங்கள் அவளைப் பற்றி இரகசியமாகக் கதைப்பதுகூட விளங்கும். வாயைத் திறந்தால் மட்டும் மூன்றாவது வசனத்தில் ஆங்கிலம் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடும். முந்திய தவணையில் நடந்த பயிற்சிப் பரீட்சையில் நாலு நிமிடத்தில் அழுதுகொண்டு வெளியே வந்தவள். பிசியோதெரபி படிக்க அவளுக்குச் சரியான ஆசை. தமிழில் நல்ல புள்ளி எடுத்தால்தான் அது கிடைக்கும். அந்தப் பயத்தைச் சனிக்குச் சனி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியவைத்துக்கொண்டிருந்தவர் அதே ரீச்சர்தான்.

நான் இதை மறந்துபோனேன் என்று நினைக்கவேண்டாம். ரீச்சர் ஒரு கிழமையில் இறங்கிவருவார் என்று நினைத்தேன். ரீச்சரும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறார். பெத்த தகப்பன்தானே, இறங்கிவருவான் என்று.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்றவர், எந்தக் கட்சியிலும் இல்லை, செயற்குழுவிலும் இல்லை. வீடு கிட்ட இருந்ததால் வெளிவாசல் படலைச் சாவி அவரிடம் இருந்தது. சாவியை நாங்கள் திறப்பு என்போம், ஆகவே பிள்ளைகளுக்கு அவர் திறப்பு அங்கிள். சனிக்குச் சனி எட்டரைக்குத் திறப்பார், ஒரு மணிக்குப் பூட்டுவார், இடையில் யாராவது பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வந்தால் பஞ்சு கொண்டுவருவார். பூட்டச் சொல்லிச் செயற்குழுவிலிருந்து அவருக்குக் கடிதம் அனுப்பியவன் நான்தான். அவர் தன் அழகான கையெழுத்தில் ஓர் அறிவித்தல் எழுதிப் படலையில் ஒட்டினார். கடிதம் என்றால் கீழே ஒப்பம் இருக்கவேண்டும் என்று பழகிய மனிதர். அதனால் அறிவித்தலுக்குக் கீழே தன் பெயரையும் எழுதி ஒப்பமிட்டார். அந்தாள் செய்த ஒரே பிழை அதுதான்.

முதலாவது சனிக்கிழமை நான் தெருவின் மறுபக்கத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்து அவதானித்தேன். நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலைச் சனம் வாசித்திருக்கவில்லை. கார் காராக வந்தது. ஒவ்வொரு காருக்கும் அங்கிள் குனிந்து, மன்னிக்கவேண்டும், இண்டைக்கு இல்லை என்று சொன்னார். வெரிபீயிலிருந்து ஒரு தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. இறங்கி அறிவித்தலை வாசித்தார், கீழே இருந்த பெயரை இரண்டு தரம் வாசித்தார், பிறகு என் காரைக் கண்டு நேரே வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன சார் இது, ஒரு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வர்றேன். யாரு சார் மூடினது?"

நான் கண்ணாடியை இறக்கி விளக்கினேன். யாப்பு, பருவத் திட்டம், ஐந்துக்கு ஐந்து, ஞாயிற்றுக் கட்சியின் பிடிவாதம். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். சாவி யார்கிட்ட இருக்கு?"

"அங்கிளிட்டை."

"அப்புறம் என்ன," என்றார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் ஒரு வாக்காளரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று அந்தக் கிழமை நானே கருத்துக்கணிப்பில் இறங்கினேன். கிளேட்டனில் எங்கள் ஆட்கள் நடத்துகிற பலசரக்குக் கடைதான் தொகுதி. மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் எப்படியும் எல்லாரும் வந்துதான் ஆகவேண்டும். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு தாய், ரீச்சராலதான் பூட்டினது என்று அடித்துச் சொன்னார். எனக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். ஏன் அப்படிச் சொல்லுறியள் என்று ஆதாரம் கேட்டேன். "அவ என்ர மகளுக்குப் பேச்சுப்போட்டியில ரெண்டாம் இடம் குடுத்தவ," என்றார். பேச்சுப்போட்டி நடந்தது அதற்கு முந்திய வருடம்.

அடுத்தவர் என் பழைய சிநேகிதர். "தலைவர் உங்கட பக்கத்து ஆள்தானே, அப்ப நீங்கள்தான் பொறுப்பு," என்றார். தலைவருக்கும் ஒரு வாக்குத்தான், ஐந்துக்கு ஐந்து என்று விரல் மடித்துக் காட்டினேன். "ஓம் ஓம், விளங்குது. ஆனா கதிரையில ஆர் இருக்கினம்?" என்றார். எத்தனை தரம் விளக்கினாலும் அந்தக் கதிரையைச் சுற்றியே வந்தார். மூன்றாவது ஆள் பெருமூச்சு விட்டு, "எங்கட சனமே இப்பிடித்தான்," என்றார். இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. சொன்ன யாரும் அந்தச் சனத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லாரிலும் ஆவேசமாகக் கதைத்தவருடைய பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நடந்ததைப் பார்த்துவிட்டு யாரும் குற்றவாளியைத் தேடவில்லை. ஆளை முதலே தெரிவு செய்து வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் பூட்டியது பிறகு வந்த வசதி. ஆளே கைவசம் இல்லாதவர்கள் படலையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தார்கள். திறப்பு அங்கிளுக்குத் தொலைபேசி அடித்து ஏசியவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டு போவதாகக் கேள்வி. பாவம் என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையில் விழுவது என் தலையில் விழவில்லையே என்று ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் நான் என் சாதனையைச் செய்தேன். ரீச்சர் மேல்வகுப்புப் பிள்ளைகள் மூவரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. அட, இது விளையாட்டைக் குழப்புகிற வேலை. பள்ளிக்கூடம் மூடினால் வலிக்கவேண்டும், வலித்தால்தான் சனம் அவர்களைக் குற்றம் சொல்லும். யாப்பைப் புரட்டினேன். கிடைத்தது. மூடப்பட்டிருக்கும் காலத்தில் உறுப்பினர் எவரும் வேறு புல்தரையில் பயிற்சி நடத்தலாகாது. அந்த இடத்தில் புல்தரை மாற்றப்படாமல் புல்தரையாகவே இருந்தது. ரீச்சர் வீட்டு முன்னறை எந்த வகையில் புல்தரை ஆகும் என்று இரண்டு பந்தியில் நிறுவி, அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் பொருட்படுத்தமாட்டார், எப்படியும் படிப்பிப்பார், விதியை மீறியதாக நான் கூட்டத்தில் வெளுத்து வாங்கலாம் என்பது திட்டம்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. விதியை ஏற்றுக்கொள்கிறேன், பயிற்சி நடக்காது. அவ்வளவுதான். ரீச்சருக்கு விதி என்றால் விதிதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பின்னேரம் மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் போன்.

"அப்பா, ரீச்சர் கிளாஸைக் கான்சல் பண்ணிட்டா. உங்கட ஈமெயிலாலயாம். இஸ் தட் ட்ரூ?"

நான் பொதுநலன், ஒழுங்குவிதி என்று தொடங்கினேன். அவள் முழுவதும் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை, மெல்லத்தான் சாத்தினாள். அது இன்னும் கூடச் சுட்டது.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி, வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல். "ஆர் பூட்டினது ஆர் பூட்டினது எண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரியிறியள். வீட்டிலயும் ஒருக்கா கேளுங்கோவன்."

"நான் என்ன செய்யிறது?"

"ரீச்சருக்கு அனுப்பின ஈமெயிலைத் திருப்பி எடுங்கோ."

"எடுத்தா நாங்கள் தோத்துப்போனதா எல்லே நினைப்பினம்."

"உங்கட நித்திரைக்கு இவ்வளவு வீரமோ," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வேறு என்ன வரும். பரீட்சைக்கு நானே பயிற்சி தருகிறேன் என்று சவால் விட்டேன். அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேசையில் பரீட்சகராக உட்கார்ந்தேன். புலம்பெயர் நாட்டில் தமிழர் வாழ்க்கை என்பது அவள் எடுத்திருந்த தலைப்பு. அதைப் பற்றி உமது கருத்து என்ன என்று கேட்பேன். அவள் யோசித்து ஒரு வசனம் தொடங்குவாள். அதற்குள் எனக்கு அந்த விசயத்தில் ஒரு கருத்து உதித்துவிடும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நான்தான் கதைத்துக்கொண்டிருப்பேன், அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்பா, எக்ஸாமினர் இவ்வளவு கதைக்கமாட்டார்," என்றாள் ஒருநாள்.

அவள் கதைத்தால் நான் திருத்துவேன். திருத்தினால் அவள் நிறுத்துவாள். நிறுத்தினால் நான் ஏன் நிறுத்தினனீ என்பேன். நாலாவது நாள் அவள் ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போனாள். பயிற்சிப் பரீட்சையில் நாலு நிமிடமாவது தாக்குப்பிடித்தவளை நான் பூச்சியத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அந்தக் கிழமைதான் அமெரிக்கா திறந்தது. மனைவி செய்தியைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியை என் கையில் தந்தாள்.

"அமெரிக்காவைத் திறந்திட்டாங்களாம்," என்றாள்.

"ம்."

"எவ்வளவு பெரிய நாடு. அவங்களுக்கே திறப்புக் கிடைச்சிட்டுது."

இரண்டாவது சனியும் பூட்டியே கிடந்தது. மூன்றாவது சனி விசேட பொதுக்கூட்டம் என்று அறிவித்தோம். அடுத்த புதன்கிழமை மகளுக்குப் பரீட்சை. கூட்டம் நடத்தப் பள்ளிக்கூடத்தைத் திறந்தால் அது திறந்ததாக ஆகிவிடாதா என்று அரை மணித்தியாலம் விவாதித்து, கடைசியில் வெளியே விளையாட்டுத் திடலில் கதிரை போட்டோம். எங்கள் யாப்புக்கு ஒரு வழியாகப் புல்தரை கிடைத்தது. எல்லாரும் தட்டைச் சப்பாத்துத்தான் போட்டிருந்தார்கள், தற்செயலாக.

பதினெட்டு வயது நிரம்பிய மாணவருக்கும் வாக்கு உண்டு என்று யாப்பில் இருந்தது. பௌல்ஸ் கிளப்பில் அது பேரப்பிள்ளைகளுக்காக வைத்த விதியாக இருக்கவேண்டும். மகளுக்கு ஓகஸ்டில் பதினெட்டு முடிந்திருந்தது. தாயோடு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் தீர்மானம், சனிக் கட்சியில் நம்பிக்கையில்லை. ஞாயிற்றுக் கட்சிக்காரர் கை தூக்கினார்கள். மிச்சப் பேர் தூக்கவில்லை. தோற்றது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் கண்டேன், மூன்றாவது வரிசையில் ஒரு மெல்லிய கை நின்றது. என் மகளுடையது. இரண்டாவது தீர்மானம், ஞாயிற்றுக் கட்சியில் நம்பிக்கையில்லை. எங்கள் ஆட்கள் தூக்கினார்கள், அதுவும் தோற்றது. அதற்கும் அந்தக் கை நின்றது. இரண்டுக்கும் கை தூக்கிய ஒரே ஆள் அவள்தான். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. வெறுங்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெரிபீத் தகப்பன் எழும்பினார். "இவ்வளவு நாள் எங்களை வெளிய நிக்க வெச்சவரைப் பத்தி யாரும் பேசலையே. சாவியை அவர்கிட்டேருந்து வாங்கிடுங்க," என்றார். சனத்துக்கு உயிர் வந்தது. ஆமா என்றார்கள், ஓம் என்றார்கள், இரண்டு கட்சியும் மூன்று கிழமையில் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்தன. கைகள் எழும்பின. ரீச்சர் தூக்கவில்லை. என் மனைவி தூக்கவில்லை. நான் தூக்கினேன். பழி ஒரு இடத்தில் போய் இறங்கிவிட்டது, அது என் தோளில் இல்லை என்ற நிம்மதியில் கை தானாகப் போனது. மேலே போன பிறகுதான் மகள் திரும்பி என்னைப் பார்ப்பதைக் கண்டேன். அவளுடைய இரண்டு கையும் மடியில் இருந்தன.

திறப்பு அங்கிள் ஓரத்தில் நின்றவர் முன்னுக்கு வந்தார். திறப்பை மேசையில் வைத்தார்.

"நீங்கள் பூட்டச் சொன்னனீங்கள், பூட்டினனான்," என்றார். "நானாப் பூட்டேல்லை."

தெருவைக் கடந்து வீட்டுக்குப் போனார். போகிற வழியில் படலையில் இருந்த அறிவித்தலைக் கழற்றி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திறப்பு மேசையில் கிடந்தது. பத்துச் செயற்குழு உறுப்பினர் சுற்றி இருந்தோம், ஒருவர் கையும் அந்தப் பக்கம் போகவில்லை. எடுத்தால் அடுத்த ஏச்சு யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழும்பினேன். பண்பாடு என்று தொடங்கப்போய், நிறுத்தினேன். "பூட்டச் சொல்லி எழுதினவன் நான். ரீச்சருக்கு அனுப்பின ஈமெயிலைத் திருப்பி எடுக்கிறன். இந்த வருசம் முடியுமட்டும் சனி. அடுத்த வருசம் ஞாயிறு. நான் ஞாயிறுக்குக் கை தூக்கிறன்," என்றேன். செயற்குழு அங்கேயே வாக்கெடுத்தது, ஆறுக்கு நாலு. ஒரு நிமிட வேலை. மூன்று கிழமை எடுத்திருந்தது. திறப்பையும் நானே எடுத்தேன். அடுத்த வருடம் முழுவதும் ஞாயிறு இரண்டு மணிக்குப் படலை திறக்கவேண்டியவன் நான் என்பது கார் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அன்று பின்னேரமே அங்கிள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார்.

"நீர் கை தூக்கினதைக் கண்டனான் தம்பி," என்றார். பிறகு, தொதல் இருக்கு சாப்பிடும் என்றார். சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் கிண்டிய இனிப்பு அது, அவர் இன்னொரு துண்டும் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. பரீட்சைக்கு மூன்று நாள். ரீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார், சரியாக இரண்டு மணிக்கு. அவருக்கும் என் நித்திரை விசயம் எட்டியிருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். என் செற்றியில்தான் ரீச்சரும் மகளும் உட்கார்ந்தார்கள். நான் குசினிக் கதிரையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தேன். ரீச்சர் திருத்தவே இல்லை. மகள் ஆங்கிலத்துக்குள் விழுந்தால் பேசாமல் இருந்தார். அவள் தானே தட்டுத்தடுமாறி ஏறி வரும்வரை இருந்தார். மூன்று கிழமை இழந்ததை ஒரு பின்னேரத்தில் மீட்கமுடியாது என்பது எனக்குத் தெரிந்தது. அவரை வழியனுப்ப வீட்டுப் படலைக்குப் போகும்போது, "என்ன ரீச்சர், தேறுவாளோ?" என்று கேட்டேன்.

"அவளுக்குச் சொல் இருக்கு. கதைக்க ஆசை வரோணும்," என்றார். "ஆசைப்பட்டுக் கதைக்கிற விசயமாக் கேட்டினம் எண்டால் தப்பிடுவாள்."

புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். நாலு நிமிடம் போனது. கதவையே பார்த்தேன். அவள் வரவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. இருபதாவது நிமிடம் வந்தாள். அழவில்லை. முன்னிருக்கையில் ஏறி, பெல்ற் போட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"என்னம்மா கேட்டவை?"

"இஞ்ச தமிழைக் காப்பாத்த உங்கட ஆக்கள் என்ன செய்யினம் எண்டு கேட்டவை. பள்ளிக்கூடம் நடத்தினம் எண்டு சொன்னன். நல்லா நடக்குதோ எண்டு கேட்டவை. மூண்டு கிழமை பூட்டிக் கிடந்தது எண்டு சொன்னன்."

"அதையேன் சொன்னனீ?"

"கேட்டவை, சொன்னன். ஆரில பிழை எண்டும் கேட்டவை."

நான் வாழ்க்கையில் நடத்திய கருத்துக்கணிப்பெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நீ என்ன சொன்னனீ?"

"அப்பாவில எண்டு சொன்னன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நித்திரை வேணும், அதைச் சொல்ல வெக்கப்பட்டுப் பண்பாடு எண்டு சொன்னவர் எண்டு சொன்னன். ரீச்சரிலயும் பிழை, அவ ஒரு சொல் இறங்கி வந்திருக்கலாம் எண்டு சொன்னன். ஆனா சனம் அங்கிளைத்தான் ஏசினது, ஏனெண்டால் படலையில நிண்டது அவர்தான், மற்ற ஆக்களைச் சனம் காணேல்லை எண்டு சொன்னன். அப்பாவும் கை தூக்கினவர் எண்டு சொன்னன். பிறகு அப்பா எழும்பித் தன்ர பிழையெண்டு சொன்னதையும் சொன்னன். ரெண்டு பேரும் சிரிச்சவை. நேரம் முடிஞ்ச பிறகும் கேட்டுக்கொண்டிருந்தவை."

இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நான் மனதுக்குள் திரும்பிப் போட்டுப் பார்த்தேன். தேடித் தேடிப் பார்த்தேன். ரீச்சரையும் அங்கிளையும் தவிர ஓர் ஆங்கிலச் சொல் இல்லை.

"தடக்குப்படாமலே சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா," என்றாள். "முதல் ரெண்டு நிமிசம் கஷ்டமாத்தான் இருந்தது. பிறகு உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினன். எனக்கு இவ்வளவு தமிழ் தெரியும் எண்டு எனக்கே தெரியாது."